இரண்டாவது ஐவிஎஃப்-க்கு முன்னால் நீட்டப்படும் கூடுதல் கட்டணப் பட்டியல்: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சையில், முதல் தடவை கருவைக் கருப்பையில் வைத்தது (ட்ரான்ஸ்ஃபர்) தோற்று, பீட்டா என்ற கர்ப்ப ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று தெரிந்த அந்த ஓரிரு வாரங்களில்தான் தம்பதிகள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஏன் தோற்றது என்ற பேச்சு டாக்டர் அறையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு மையத்தின் ஆலோசகர் (கவுன்சிலர்) ஒரு தாளை நீட்டுவார். ஸ்க்ராட்ச், ஈரா, பிஜிடி-ஏ, இன்ட்ராலிப்பிட் ட்ரிப், ஸ்டீராய்டு மாத்திரை, பிக்ஸி, டைம்லாப்ஸ், எம்ப்ரியோ க்ளூ. எதிரே ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. “எல்லாமே ஆராய்ச்சியில நிரூபிச்சது மேடம், இந்தத் தடவை ரிஸ்க் எடுக்க வேணாம்” என்பார்கள். இழப்பில் இருப்பவர்களுக்கு மறுக்க மனம் வராது. நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுவார்கள். கூட்டிப் பார்த்தால், சிகிச்சைக்கான பில்லுக்கு மேல் இந்தக் கூடுதல்களும் பெரிய தொகையாக வந்து நிற்கும்.

அந்தத் தாளில் உள்ளவற்றில் பெரும்பாலானவை பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு, குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டவில்லை என்று முடிவு வந்தவை. ஆராய்ச்சி நடந்தது உண்மை. அதன் முடிவைத்தான் உங்களிடம் சொல்வதில்லை.

ஸ்க்ராட்ச்சையே எடுத்துக்கொள்வோம். முந்தைய மாதவிடாய்ச் சுழற்சியில் பைப்பெல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கருப்பை வாய் வழியாக விட்டு உட்சவ்வைச் சுரண்டுவார்கள். அந்தக் காயம் ஆறும்போது கரு நன்றாக ஒட்டும் என்பது எண்ணம். 2003-இல் இஸ்ரேலிய மருத்துவர்கள் 134 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுரண்டப்பட்ட 45 பேரிடம் குழந்தை பிறந்த விகிதம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2019-இல் ஐந்து நாடுகளில் 1,364 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். சுரண்டியவர்களிடம் குழந்தை பிறந்தது 26.1 சதவீதம். சுரண்டாதவர்களிடமும் அதே 26.1 சதவீதம். வலி மட்டும்தான் மிச்சம். இன்றும் அந்த 2003-ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லியே பணம் வாங்குகிறார்கள்.

கரு வைக்கச் சரியான நேரத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஈரா பரிசோதனை இன்னும் விலை கூடியது. கரு வைக்காமலே ஒரு சுழற்சி முழுக்க ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் கொடுத்து, ஐந்து நாள் கழித்து உட்சவ்வில் துண்டெடுத்து, 200-க்கும் மேற்பட்ட ஜீன்களைப் பார்த்து, “உங்களுக்கு 12 மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும்” என்பது போல ஒரு ரிப்போர்ட் தருவார்கள். ஒரு மாதமும் போகிறது. 2022-இல் அமெரிக்காவில் 767 பெண்களிடம் நடந்த ஆய்வில், இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நேரம் மாற்றியவர்களில் 58.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. வழக்கமான நேரத்திலேயே கரு வைத்தவர்களில் 61.9 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். ஆனால் பயன் இருப்பதாகச் சொல்ல இடமே இல்லை.

ஸ்டீராய்டு விஷயத்தில் பணத்தைவிட உடம்புக்கு வரும் கெடுதல் பெரிது. “உங்க உடம்பே கருவை எதிர்க்குது” என்று சொல்லி பிரெட்னிசோன் எழுதுவார்கள். திரும்பத் திரும்பக் கரு ஒட்டாமல் போன 715 பெண்களிடம் சீனாவில் நடந்த ஆய்வு 2023-இல் வந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 37.8 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 38.8 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. அதோடு, மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைப்பிரசவம் 11.8 சதவீதம், மற்றவர்களுக்கு 5.5. இன்ட்ராலிப்பிட் என்பது சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டச்சத்தாக நரம்பில் ஏற்றும் சோயா எண்ணெய்க் கலவை. முட்டையிலிருந்து எடுத்த கொழுப்பும் அதில் உண்டு. சோயா, முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் சொல்லிவிட்டது.

ஹையலுரோனிக் அமிலத்தில் ஒட்டும் விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் பிக்ஸிக்கு பிரிட்டனில் 2,772 தம்பதிகளிடமும், கரு வளர்வதைக் கேமராவில் தொடர்ந்து படமெடுக்கும் டைம்லாப்ஸுக்கு பிரிட்டனிலும் ஹாங்காங்கிலுமாக 1,575 பேரிடமும் ஆய்வு நடந்தது. இரண்டிலும் குழந்தை பிறக்கும் விகிதம் குறிப்பிடும்படி கூடவில்லை. விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் சரியாக இருக்கும்போதும் கட்டாயம் இக்ஸிதான் (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) என்கிறார்களா? ஹோ சி மின் நகரில் அப்படிப்பட்ட 1,064 தம்பதிகளிடம் பார்த்ததில் குழந்தை பிறந்த விகிதம் இக்ஸிக்கு 35 சதவீதம், சாதாரண ஐவிஎஃப்-க்கு 31 சதவீதம். உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி அது. பட்டியலில் உள்ள எல்லாமே வீண் என்று சொல்வதும் நியாயமில்லை. கருவைக் கருப்பையில் வைக்கும்போது சேர்க்கும் எம்ப்ரியோ க்ளூ என்கிற ஹையலுரோனிக் அமிலத் திரவத்துக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது.

இனி பிஜிடி-ஏ. இதில் பணத்தோடு கருவும் போகக்கூடும் என்பதால் நிதானமாகப் படியுங்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் கருவின் வெளியடுக்கிலிருந்து சில செல்களை எடுத்து குரோமோசோம் எண்ணிக்கை பார்ப்பார்கள். அந்த வெளியடுக்கு பிறகு நஞ்சுக்கொடியாகப் போவது. குழந்தையாகும் உள் செல்களை யாரும் தொடுவதில்லை. அதனால் சில கருக்களில் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருக்கும். எடுத்த செல்களிலேயே சரியானதும் பிழையானதும் கலந்திருந்த கருக்களை 18 பெண்களுக்கு வைத்துப் பார்த்து, ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்ததாக இத்தாலிய மருத்துவர்கள் 2015-இலேயே எழுதினார்கள். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஆறு கருக்களும் ஒதுக்கப்பட்டிருக்கும். 2021-இல் சீனாவில், நல்ல கருக்கள் மூன்றோ அதற்கு மேலோ இருந்த 1,212 பெண்களிடம் பார்த்ததில், பரிசோதித்தவர்களில் 77.2 சதவீதம் பேருக்கும் பரிசோதிக்காதவர்களில் 81.8 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. 35 வயதைத் தாண்டியவர்களுக்குக் கருச்சிதைவு குறையலாம் என்று வாதிடுகிறார்கள், அதைப் பேசலாம். தலசீமியா போன்ற பரம்பரை நோய் உள்ள குடும்பங்களுக்குச் செய்யும் பிஜிடி-எம் முற்றிலும் வேறு. அது தேவையான பரிசோதனை. ஆனால் 29 வயதுப் பெண்ணிடம் இருக்கும் மூன்று கருவையும் பிஜிடி-ஏ-வுக்கு அனுப்பச் சொன்னால், ஒன்றும் மிஞ்சாமல் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு ஏஆர்டி (உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப) சட்டத்தின் 25-ஆம் பிரிவு இந்தப் பரிசோதனையை ஏற்கெனவே தெரிந்த பரம்பரை, மரபணு நோய்களுக்கு என்றுதான் வரையறுக்கிறது. உங்களுக்கு எந்தக் காரணம் பொருந்துகிறது என்று எழுதி வாங்குங்கள்.

“செல்லே எடுக்க மாட்டோம், கருவைத் தொடவே மாட்டோம்” என்று விற்கும் பரிசோதனையும் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் ஐவிஎஃப் நிறுவனம் 2019-இல் இதைத் தொடங்கியது. கரு வளர்ந்த திரவத்தில் மிதக்கும் டிஎன்ஏ-வை மட்டும் எடுத்துச் சோதிப்பது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் திரவத்தில் கரு வெளியே தள்ளிய, செத்துப்போன செல்களின் டிஎன்ஏ இருக்கும், முட்டையைச் சுற்றி ஒட்டியிருந்த தாயின் செல்களும் இருக்கும். அளவோ மிகக் குறைவு. 2020 அக்டோபரில் சோதனையை நிறுத்தினார்கள். நல்ல கருக்களும் குறையுள்ளவை என்று ஒதுக்கப்பட்டதாகச் சொல்லி 700-க்கும் மேற்பட்டோர் கூட்டு வழக்குக்குப் போனார்கள். 2024-இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 5.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர நிறுவனம் சம்மதித்தது. ஒதுக்கப்பட்ட கருக்களை எந்த டாலரும் திருப்பித் தராது. நம் ஊரில் இதே சோதனையை யாராவது நீட்டினால், அதன் ரிப்போர்ட்டை நம்பி ஒரு கருவையும் அழிக்கச் சம்மதிக்காதீர்கள்.

விளம்பரப் பலகையில் போடும் வெற்றி சதவீதத்தையும் பிரித்துப் பாருங்கள். கணக்குக்காக, 100 பெண்கள் முட்டை வளர்க்கும் ஊசி தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். 70 பேருக்குத்தான் கரு வைக்கும் நிலை வருகிறது. 35 பேருக்கு பீட்டா பாசிட்டிவ். ஸ்கேனில் இதயத் துடிப்பு 28 பேருக்கு. கையில் குழந்தை 23 பேருக்கு. பலகையில் “50 சதவீதம்” என்று போடலாம், 70-இல் 35 அல்லவா? உங்களுக்கு வேண்டியது 100-இல் 23. அதுவும் உங்கள் வயதுப் பெண்களிடம், சொந்த முட்டையில். தானமாகப் பெற்ற முட்டையின் வெற்றிகளையும் சேர்த்துக் கலந்து காட்டுவது சாதாரணமாக நடக்கிறது.

தோற்ற பிறகு பணம் செலவழிக்காமலே கிடைக்கும் விடைகள் நிறைய உண்டு. அவை உங்கள் முட்டைகளும் கருக்களும் லேபில் வளர்ந்த விதத்தைப் பதிந்த எம்ப்ரியாலஜி ரிப்போர்ட்டில் இருக்கின்றன. எத்தனை முட்டை எடுத்தார்கள், அதில் முதிர்ந்தவை எத்தனை, கருவானவை எத்தனை, மூன்றாம் நாள் எத்தனை, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் என்ற நிலைக்கு வளர்ந்த கரு எத்தனை, என்ன கிரேடு, எத்தனை ஃப்ரீஸ் செய்தார்கள். முட்டை நிறைய வந்தும் முதிர்ந்தவை குறைவு என்றால் முட்டையை முதிர வைக்கும் கடைசி ட்ரிக்கர் ஊசியைப் பார்க்க வேண்டும். முட்டை எடுப்பதற்கு 34 முதல் 36 மணி நேரம் முன்பு அது போடப்பட்டதா, சரியான அளவா? முதிர்ந்தவை நிறைய இருந்தும் கருவானவை குறைவு என்றால் விந்தணுப் பக்கமும் லேப் பக்கமும் கேள்வி போகும். ஐந்தாம் நாள் கரு வைத்திருந்தால் புரோஜெஸ்டிரோன் ஐந்து முழு நாள் போயிருக்க வேண்டும். கருக்குழாயில் நீர் கோத்திருக்கிறதா என்று பழைய ஸ்கேனை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கருவைக் கெடுக்கும். அந்தக் குழாயை அகற்றினால் அல்லது அடைத்தால் வாய்ப்பு கூடும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். ஆனால் பட்டியலில் அது இருக்காது.

ரிப்போர்ட் தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் 2002-இல் கொண்டுவந்த விதி. நீங்கள் கையெழுத்திட்ட ஒவ்வொரு சம்மதப் படிவத்துக்கும் நகல் வாங்குங்கள். ‘தேவைப்பட்டால் தான முட்டை பயன்படுத்தச் சம்மதம்’ என்ற வரி அதில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். வேண்டாம் என்றால் அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்திடுங்கள். வெறும் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஃப்ரீஸ் செய்த கருக்களின் எண்ணிக்கை, தேதி, வருடக் கட்டணம் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வில், இதைச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் எவ்வளவு?” எண் சொல்லாமல் “எங்க அனுபவத்துல நல்லா வொர்க் ஆகுது” என்றால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். சிகிச்சையே செய்ய மாட்டோம் என்றால் வேறு மையம் பாருங்கள். உங்கள் கருக்களை அங்கே மாற்றித் தரும்படி கேளுங்கள்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் முதலில் மையத்தின் குறைதீர்ப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுங்கள். அப்படி ஒரு பிரிவை வைத்திருப்பது ஏஆர்டி சட்டப்படி கட்டாயம். அடுத்தது நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒவ்வொரு கூடுதல் பரிசோதனைக்கும் தனித்தனிப் பில் இருந்தால் இந்தப் புகார் வலுவாக நிற்கும். ‘பேக்கேஜ்’ என்று ஒரே வரியில் ரசீது கொடுத்திருந்தால் இன்றே போய்ப் பிரித்து எழுதி வாங்குங்கள்.