ஞாயிறு ஹாக்கி பார்க்கப் போகிறீர்களா, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்

ஏழு மணி ஆட்டம் என்று வாட்ஸ்அப்பில் போட்டால் ஏழே முக்காலுக்குத்தான் முதல் விசில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் வாரம் நானும் என் மகளும் ஆறு ஐம்பதுக்கே போய்ப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றோம். அந்தப் பக்கமாக வந்த பால்காரரிடம் "இங்கதானே ஹாக்கி?" என்று கேட்டதற்கு, "இங்கதான், ஆனா இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஹாக்கி கிளப் ஞாயிறுதோறும் நடத்தும் ஆட்டங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறையும் சேர்த்துச் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை, ஊர்க்காரர்களுக்கு இரண்டு பத்தி படித்தாலே தெரிந்துவிடும். பொங்கல் முடிந்ததிலிருந்து ஆறு ஞாயிறு போயிருக்கிறேன். ஒரு காலைக்கு இரண்டு ஆட்டம், சில வாரம் மூன்று. டிக்கெட் கிடையாது, கேட்டில் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். பைக்கை வேப்பமரத்தடியில் போடலாம். மரம் ஒன்றே ஒன்றுதான், முதலில் வந்தவருக்கு நிழல். முன்பெல்லாம் சுற்றிலும் மரமாக இருந்ததாம், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி எல்லாம் சாய்ந்து, தப்பியது இந்த வேம்பு மட்டும். அதனால்தான் தொப்பி. எட்டரைக்கு மேல் வெயில் நேராக மண்டையில் இறங்கும். உட்காரப் படிக்கட்டு எதுவும் இல்லை, சுவரோரம் ஒரு சிமெண்ட் திட்டு இருக்கிறது, பத்துப் பேர் உட்காரலாம், அதில் நான்கு இடம் பெரியவர்களுக்கு நிரந்தரம். தெரியாமல் உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் வந்து நின்றுகொண்டே இருப்பார்கள்.

சீக்கிரம் போனதில் ஒரு லாபம், கோடு போடுவதைப் பார்த்தேன். கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' அரைவட்டம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் ஆடியவன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு பையன் கோல் கம்பத்தின் அடியில் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொள்கிறான். இன்னொருவன் கயிற்றில் சிவப்புத் துணி முடிந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறான், அதுதான் 14.63 மீட்டர், பழைய கணக்கில் பதினாறு கஜம். அங்கிருந்து சுண்ணாம்பு டப்பாவைத் தட்டிக்கொண்டே கால் வட்டம் நடந்து வருகிறான். அப்புறம் கயிறு அடுத்த கம்பத்துக்கு மாறுகிறது, அந்தப் பக்கம் இன்னொரு கால் வட்டம். இரண்டையும் சேர்க்க நடுவில் கோலின் அகலத்துக்கு, அதாவது 3.66 மீட்டருக்கு, ஒரு நேர்க்கோடு. டப்பா என்றால் அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பெயிண்ட் டப்பா. கோடு எங்கேயும் கோணவில்லை. இவர்கள் வீட்டில் மார்கழிக் கோலம் யார் போடுவார்கள் என்று என் மகள் கேட்டாள்.

கோல் வலை, மீன் வலை! நாகப்பட்டினத்தில் கழித்துப் போட்டதை வாங்கி வந்து கட்டியிருக்கிறார்கள். கண்ணி சின்னது, பந்து உள்ளே போனால் போனதுதான், கோலா இல்லையா என்ற சண்டைக்கே இடமில்லை. ஒரு கோலில் பின்பலகை மரத்தில் இருக்கிறது, பந்து பட்டால் டம் என்று தெருவரைக்கும் கேட்கும். எதிர்ப்பக்கத்தில் பலகை உடைந்துபோய் ஏதோ ஒரு கல்யாண ஃப்ளெக்ஸை மடித்துக் கட்டியிருக்கிறார்கள், அங்கே கோல் விழுந்தால் சத்தமும் இல்லை, மாப்பிள்ளை முகத்தில் பந்து. இதை மாற்றச் சொல்லி யாராவது சொல்லுங்கள்.

மைதானம் முழு அளவு கிடையாது. விதிப்படி 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம் வேண்டும், இங்கே கிரிக்கெட் பிட்ச்சை ஒதுக்கிவிட்டுக் கோடு போடுவதால் நீளம் கண்ணுக்கே குறைவாகத் தெரிகிறது. மேலே கிராவல் கொட்டி ரோலர் ஓட்டியிருக்கிறார்கள், சரி, ஆனால் அடியில் நம்ம ஊர்க் களிமண்தானே, வெயில் ஏற ஏற வெடிப்பு விடும். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்த்தால் நாற்று நட்டுவிடலாம், அந்த இரண்டு மாதம் ஆட்டமே கிடையாது.

இனி ஆட்டம். டிவியில் ஹாக்கி பார்த்துவிட்டு இங்கே வந்தால் முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அது செயற்கைப் புல், தண்ணீர் தெளித்த தரை, பந்து கோடு போட்ட மாதிரி ஓடும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆரம்பித்த பழக்கம் அது, இன்றைக்குப் பெரிய ஆட்டம் எதுவும் மண்ணில் நடப்பதில்லை. மண்ணில் பந்து சொன்னபடி கேட்காது. ஏறக்குறைய 160 கிராம் எடையுள்ள, கல் மாதிரியான பந்து ஒரு வெடிப்பில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எகிறும். அதனால் இங்கே வேகத்தைப் பார்க்கப் போகாதீர்கள், பந்தை எப்படி நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். நான் ஆறு வாரமும் போனதற்குக் காரணமே அதுதான்.

சீனியர் அணியில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ரைட் இன், அதாவது முன்வரிசையில் நடுவுக்கு வலப்பக்கம், ஆடுகிறார். ஓட்டம் கிடையாது, தொப்பை உண்டு. மட்டை முனையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சுற்றி, மரம் இருக்கிறதா டேப் மட்டும்தானா என்று சந்தேகம் வரும். பந்து எகிறி வரும்போது அவர் மட்டையை ஒரு ஜாண் பின்னுக்கு விட்டுக்கொடுக்கிறார், கைதவறி விழும் முட்டையை முந்தானையில் வாங்குகிற மாதிரி, பந்து அவர் காலடியிலேயே அடங்கிவிடுகிறது. மூன்றாவது வாரம் ஒரு கல்லூரிப் பையன் பாய்ந்து வந்தான். இவர் வலப்பக்கம் ஒரு தட்டு, மட்டையைப் புரட்டி இடப்பக்கம் ஒரு தட்டு, அவ்வளவுதான், பையன் போன வேகத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றான். திட்டில் இருந்த பெரியவர் எழுந்து, "தம்பி, அப்படியே டீ சொல்லிட்டு வந்துடு" என்றார். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் முக்கால் மணி நேரம் காத்திருந்ததை மன்னித்துவிட்டேன்.

பையன்களிடம் வேகம் இருக்கிறது, பொறுமை இல்லை. எல்லோருக்கும் பெனால்டி கார்னரில் ('டி'க்குள் தடுப்பவர் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) டிராக் ஃப்ளிக் போட, அதாவது பந்தை மட்டையோடு இழுத்து வீச, ஆசை, மொபைலில் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. கிராவல் தரையில் பந்தை அப்படி இழுத்துக்கொண்டு போனால் வழியில் ஒரு கல் தட்டாமல் இருக்குமா? பத்தில் எட்டு, கோல் பக்கமே போகவில்லை. பந்தை ஒருவர் நிறுத்திக் கொடுக்க, இன்னொருவர் ஓங்கி அடிக்கிற பழைய முறைதான் இங்கே பலிக்கிறது. அப்படி அடித்தால் முதல் அடி 46 சென்டிமீட்டர் பலகை உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி, அதை மட்டும் இவர்கள் நன்றாகவே காப்பாற்றுகிறார்கள். ஆனால் ஆசையைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம், அங்கிருந்து போன கார்த்தி செல்வம்தான் 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது இந்தப் பையன்களில் சிலர் வேன் பிடித்து மதுரை போய் வந்திருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் கூட்டம் கூடியது என்று கிளப் செயலாளர் சொன்னார்.

தை, மாசியில் போவதானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அணி முழுசாக இருக்காது. சம்பா அறுவடை. ஒரு ஞாயிறு சென்டர் ஹாஃப் (நடுவில் ஆடுபவர்) வரவில்லை, கேட்டால் அவர் வயலுக்கு அறுப்பு மெஷின் வந்துவிட்டதாம், மெஷின் கிடைக்கும்போது விட்டால் அப்புறம் எப்போது கிடைக்கும். இன்னொரு வாரம் பாதி ஆட்டத்தில் ஃபுல் பேக் (பின்னால் நின்று தடுப்பவர்) முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க? ரெண்டு கோல் பின்னால இருக்கோம்."

"டேய், மூட்டை எல்லாம் தார்ப்பாய்ல கெடக்குடா. கொள்முதல் நிலையத்துல என் நம்பர் வந்துடுச்சுன்னு போன்."

யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பத்துப் பேராக ஆடி, இன்னும் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த அணியும் இதற்காகச் சிரிக்கவில்லை, அவர்களிலும் இரண்டு பேர் அதே காரணத்துக்காக வரவில்லையாம்.

அம்பயரிங் சுமார். ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், சுத்தமாகச் செய்கிறார், தோளுக்கு மேல் குரல் உயர்ந்தால் பச்சை அட்டை, இரண்டு நிமிடம் வெளியே. இன்னொருவர் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் ஏதாவது ஒரு வீரர். பந்து காலில் படுவது தவறு, ஆனால் மைதானத்தில் அவர் பார்க்கும் பாதியில் யார் காலில் பட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் விசில் வரும், சொந்த கிளப் கால் என்றால் யோசனை இன்னும் நீளும். 'டி'க்குள் தடுப்பவர் காலில் பட்டால் பெனால்டி கார்னர் என்பதால் வெளியூர்க்காரர்கள் "கால், கால்!" என்று கத்துவதும், இவர் காது கேட்காதவர் மாதிரி ஓடுவதும் வாராவாரம் உண்டு. போதாததற்குத் திட்டுப் பெரியவர்களில் ஒருவர் ஆட்டத்துக்கு மூன்று முறையாவது "ஆஃப்சைடு" என்கிறார். எதிரணி கோலுக்கு அருகில் முன்கூட்டியே போய் நிற்பதைத் தடுத்த அந்தப் பழைய ஆஃப்சைடு விதியை ஹாக்கியில் எடுத்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது, அவரிடம் சொன்னேன், "எடுத்தது தப்பு" என்றார். கால அளவும் இவர்கள் இஷ்டம்தான். 15 நிமிடத்தில் நான்கு பகுதி என்பதெல்லாம் இல்லை, 25 நிமிடத்தில் இரண்டு பாதி, நடுவில் உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டு.

என் பெரிய மனக்குறை பெண்கள் ஆட்டம். பதினைந்து, பதினாறு பெண்கள் புதனும் சனியும் வந்து பயிற்சி எடுக்கிறார்கள், பந்தைத் தள்ளிக் கொடுத்து வாங்குவதில் பையன்களைவிட இவர்கள் தெளிவு, யாரும் தனியாக வைத்துக்கொண்டு சுற்றுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் அவர்களுக்கு. முதல் ஆட்டம் முக்கால் மணி தள்ளிப்போனால் இவர்கள் இறங்கும்போது பத்தாகிவிடும், கிரிக்கெட்காரர்கள் ஸ்டம்போடு வந்து பிட்ச் ஓரம் நிற்பார்கள். நான் போன ஆறு வாரத்தில் நான்கு வாரம் பெண்கள் ஆடினார்கள், இரண்டு தடவைதான் முழுசாக முடிந்தது. கோல் கீப்பர் பெண், ஒன்பதாம் வகுப்பு இருக்கும், பேடும் ஹெல்மெட்டும் மாட்டியபடி அந்த ஒற்றை வேம்பின் கீழ் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். கழற்றி வைக்க வேண்டியதுதானே என்றேன். "கழட்டிட்டா மாட்ட கால் மணி ஆகும் அங்கிள், கூப்பிட்டதும் போகணும்ல" என்றாள். அன்றைக்குக் கூப்பிடவே இல்லை.

செயலாளரிடம் நேராகவே கேட்டேன். சீனியர்களுக்கு வேலை இருக்கிறது, அவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும், பெண்கள் ஆட்டத்தை முதலில் வைத்தால் அந்த நேரத்துக்கு இரண்டாவது அம்பயர் கிடைப்பதில்லை என்றார். சீனியர்களே ஏழே முக்காலுக்குத்தான் வருகிறார்கள், அந்த முக்கால் மணி நேரம் மைதானம் சும்மாதானே கிடக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்றது நியாயம்தான்" என்றார். மனிதர் நல்லவர், கோபமாகப் பேச முடியவில்லை.

சாப்பாட்டு விஷயம்: கேட்டுக்கு எதிரே டீக்கடை, மெதுவடை எட்டு மணிக்குத் தயார், எட்டரைக்குக் காலி. வெளியூர் அணிக்குக் கிளப் செலவில் வாழையிலையில் கட்டிய எலுமிச்சை சாதம், மிச்சமிருந்தால் பார்க்க வந்தவருக்கும் ஒரு பொட்டலம் நீட்டுவார்கள், மறுக்காதீர்கள். கழிப்பறை பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில்.

பிள்ளைகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு: மாதம் 150 ரூபாய், முதல் இரண்டு மாதம் மட்டை அவர்களே தருகிறார்கள், ஷின் கார்டு மட்டும் நாம் வாங்க வேண்டும். என் மகள் இடது கைக்காரி, அவளுக்கான மட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். பயிற்சியாளர் ஒரு மட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, தட்டையான முகம் இடப்பக்கம்தான் இருக்கும், உலகம் முழுக்க ஒரே மட்டைதான், இடது கைக்காரருக்கென்று தனியாகக் கிடையாது என்றார். அவள் முகம் வாடிவிட்டது. உடனே அவர் அவளுடைய இடது கையை மட்டையின் உச்சியில் வைத்து, "திருப்புறது புரட்டுறது எல்லாம் இந்தக் கைதான் பாப்பா, வலது கை சும்மா தாங்கிப் பிடிக்கும்" என்று சொல்லி இரண்டு தடவை புரட்டிக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் துடைப்பக்கட்டையில் ஆரம்பித்தாள், இன்னும் நிறுத்தவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அடுத்த ஞாயிறு ஏழு மணிக்குப் பெண்கள் ஆட்டம்தான் முதலில் என்று செயலாளர் நேற்று குழுவில் போட்டிருக்கிறார், நானும் மகளும் பால்காரருக்கு முன்னாலேயே போய் நிற்கப் போகிறோம். அப்படியே நடந்தால் நான்கரை என்று மாற்றி எழுதுகிறேன், அதுவரை மூன்றரைதான்.