ஹபிள் கோடா, சுழற்சி வளைகோடா? பிளஸ் ஒன் வகுப்புக்கு எது?

கேலக்ஸிகளைக் கணக்கு வழியாகச் சொல்லித்தர இரண்டு பயிற்சிகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று ஹபிள் விதி (தூரம் கூடக் கூட கேலக்ஸி நம்மை விட்டு விலகும் வேகமும் கூடும்): பல கேலக்ஸிகளின் வேகத்தையும் தூரத்தையும் கிராஃபில் வரைவது. மற்றது சுழற்சி வளைகோடு: ஒரே கேலக்ஸிக்குள், மையத்தை விட்டுத் தள்ளிப்போகப் போக வேகம் என்ன ஆகிறது என்று பார்ப்பது. படம் பார்த்துச் சுருளா, நீள்வட்டமா என்று பிரிப்பதும் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் அதில் கணக்கு குறைவு. இந்த வருடம் என் வகுப்புக்கு நான் எடுத்தது சுழற்சி வளைகோடு.

ஹபிள் பயிற்சியில் வேகம் எடுப்பது சுலபம். 656.3 நானோமீட்டரில் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு 669.4-இல் தெரிந்தால், கழித்து வகுத்தால் 0.02; ஒளிவேகத்தால் பெருக்கினால் நொடிக்கு 6,000 கி.மீ. ஸ்லோன் என்ற பெரிய வான ஆய்வின் நிறமாலைகளும் (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பதிவுகள்) இலவசம். கடைசியில் கோட்டின் சாய்விலிருந்து பிரபஞ்சத்தின் வயதே கைக்கு வரும் என்பது பெரிய கவர்ச்சிதான்.

இடிப்பது தூரம். வகுப்பறையில் அதைப் பெரும்பாலும் பிரகாசத்தை வைத்துத்தான் ஊகிக்கிறோம். எல்லாக் கேலக்ஸியும் ஒரே அளவு ஒளிர்வதில்லை என்பதால் ஒவ்வொரு புள்ளியும் தன் பிழையோடு வந்து உட்காரும், கோடு கலைந்துபோகும். மொத்த அளவுகோலே தவறினால் இன்னும் மோசம்: 1929-இல் ஹபிளுக்கே மாறிலி, அதாவது கோட்டின் சாய்வு, 500 அளவில் வந்தது, இன்று சுமார் 70.

சுழற்சி வளைகோட்டிலும் தூரம் வேண்டும். ஆனால் ஒரே ஒரு தூரம், எல்லாப் புள்ளிக்கும் பொது. என்ஜிசி 3198 என்ற சுருள் கேலக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 9 மெகாபார்செக்கில் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) இருப்பதாக முன்பு கொண்டார்கள். பிறகு 14-க்கு அருகில் என்றார்கள். கிடை அச்சு நீளும், அவ்வளவுதான். வெளிப்புறத்தில் வேகம் குறையாமல் தட்டையாக ஓடும் கோடு தட்டையாகவே நிற்கும். எனக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்தது.

வகுப்பில் கேலக்ஸிக்கு முன்னால் கோள்களைப் போட்டேன். ஈர்ப்பியல் பாடத்தில் படித்ததுதான்: வேகத்தின் வர்க்கம் பெருக்கல் ஆரம், உள்ளே இருக்கும் நிறையைச் சொல்லும். புதன் நொடிக்கு 47.9 கி.மீ., 0.387 வானியல் அலகு (சூரியனிலிருந்து பூமியின் தூரம் 1), பூமி 29.8, 1, நெப்டியூன் 5.43, 30.07. மூன்றுக்கும் பெருக்கினால் 888-ஐ ஒட்டியே வருகிறது. நிறை முழுக்கச் சூரியனிடம். அப்புறம் என்ஜிசி 3198: 10 கிலோபார்செக்கில் சுமார் 150 கி.மீ., 30-இலும் சுமார் 150. பெருக்கினால் 2,25,000, பிறகு 6,75,000. ஒளியில் பெரும்பகுதி 10-க்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நிறை மட்டும் மூன்று மடங்கு. "சார், மிச்சம் எங்கே?" என்று கேள்வி வந்த பிறகுதான் கரும்பொருள் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) என்ற பெயரைச் சொன்னேன். வானியலாளர் வேரா ரூபினும் அவருடன் பணியாற்றிய கென்ட் ஃபோர்டும் 1970-இல் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் வேகங்களை அளந்து வெளியிட்டதை அதன் பின் சொன்னால் காதில் ஏறுகிறது.

கேலக்ஸி உருண்டை அல்ல, தட்டு. அதனால் இந்தச் சூத்திரம் தோராயம்தான். அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

பத்தாம் வகுப்பு என்றால் ஹபிள் பக்கம் சாய்வேனோ என்னவோ; நேர்கோட்டின் சாய்வு அவர்களுக்குத் தெரியும், ஈர்ப்பு வழி நிறைக் கணக்கு அவ்வளவு பழக்கமில்லை. நான் எடுத்தது பிளஸ் ஒன்னுக்கு மட்டும், அதுவும் கிராஃப் தாளில். பைத்தானில் செய்தால் எப்படி இருக்கும் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. கேலக்ஸி நம் பார்வைக்குச் சாய்ந்திருப்பதற்கான சைன் திருத்தத்தைச் செய்து முடித்த எண்களைத்தான் கொடுத்தேன். அதையும் பிள்ளைகளே போட வேண்டுமென்றால் கூடுதலாக ஒரு பீரியட் ஒதுக்குங்கள்.