வீடு ஏலத்துக்கு வரும்போது: கடன் வசூல் தீர்ப்பாயமா, உயர் நீதிமன்றமா?

வீட்டுக்கடன் தவணை 90 நாள்களுக்கு மேல் நின்று, கணக்கு வாராக்கடனாகி, 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி (நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமான வீட்டை எடுத்து விற்கக் கடன் கொடுத்தவரை அனுமதிக்கும் சட்டம்) நோட்டீஸ் வந்துவிட்டால், கடன் கொடுத்தவரை எதிர்த்து வழக்காட இரண்டு வழிகள் உண்டு: கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 17ஆம் பிரிவின்கீழ் மனு, அல்லது உயர் நீதிமன்றத்தின் நேரடித் தலையீட்டைக் கோரும் ரிட் மனு. சிவில் வழக்கைப் பொதுவாக 34ஆம் பிரிவே தடுத்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்காக நாங்கள் தீர்ப்பாயத்துக்கே போனோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ரிட் மனுவுக்குச் செலவாகும் நீதிமன்றக் கட்டணம் குறைவு, உடனே ஏலத்துக்குத் தடை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஆனால் சட்டமே தீர்ப்பாயத்தைக் காட்டியிருக்கும்போது உயர் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடக்கூடாது என்று சத்யவதி டாண்டன் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வங்கிகளிடமிருந்து வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு எதிரான ரிட் மனுக்களை ஏற்க இயலாது என்று 2022இல் வந்த தீர்ப்பு இந்த வழியை மேலும் குறுக்கியது.

தீர்ப்பாயத்தில் கடன் தொகைக்கேற்பக் கட்டணம் உண்டு. 30 லட்சம் ரூபாய்க் கடன் என்றால் சுமார் 10,000 ரூபாய். மனு போடவே 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும் என்றிருந்த பழைய விதியை மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஒரு பகுதியைக் கட்டினால்தான் தடை என்ற நிபந்தனை இரண்டு இடங்களிலும் வரக்கூடியதே.

என் முடிவைத் தீர்மானித்தது காலக்கெடு. முதல் நோட்டீஸுக்குப் பின் 60 நாள் அவகாசம் உண்டு; அதற்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால் கடன் கொடுத்தவர் 15 நாள்களில் காரணத்தோடு பதில் தர வேண்டும். அடுத்து, வீட்டைத் தன் வசப்படுத்தும் சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். வீட்டைவிட்டு வெளியேற்றினால்தான் இந்தக் கெடு தொடங்கும் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். கதவில் சுவாதீன நோட்டீஸை ஒட்டினாலே தொடங்கிவிடும். இந்த நாள்களை ரிட் மனுவில் செலவிட்டு, "தீர்ப்பாயத்துக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பப்படுபவர், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துச் சுமக்க நேரிடும். அதைவிட முக்கியமாக, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் நிலுவை முழுவதையும் செலுத்தினால்தான் வீட்டை மீட்கும் உரிமை இருக்கிறது; 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆகவே அந்த அறிவிப்புக்கு முன்பே நியாயமான கணக்கைக் கேட்டு நிற்கக்கூடிய இடம்தான் நமக்கு வேண்டும்.

தீர்ப்பாயம் கணக்கு விவரம், நாளிதழ் அறிவிப்பு, தபால் உறையின் தேதி என உண்மைகளையே ஆராயும். உயர் நீதிமன்றம் தகராறுக்குரிய உண்மைகளுக்குள் பெரும்பாலும் இறங்காது. நடைமுறை மீறப்பட்டிருந்தால், சுவாதீனத்தைத் திருப்பித் தரும்படி ஆணையிடும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு.

குறை இல்லாமல் இல்லை. 60 நாளில், மிஞ்சினால் நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் வழக்கு அதைத் தாண்டி இழுத்தது. மேல்முறையீட்டுக்குக் கடனில் பாதியை, சலுகை கிடைத்தாலும் 25 சதவீதத்தை, கட்ட வேண்டும் என்பதைச் சட்டத்தில் படித்ததோடு சரி. அதுவரை நாங்கள் போகவில்லை. தீர்ப்பாயத்தில் தலைமை அதிகாரி பணியிடம் காலியாக இருந்து, ஏலத் தேதியும் நெருங்கிவிட்டால் மட்டும், ரிட் மனுவை முதலில் போடச் சொல்வேன்.