புகலறைக்குள் பதினொரு தூண்டில் கோல்கள்: எட்டு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் செங்காங்கில் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு 2017-இல் குடிவந்தபோது என்னிடம் நான்கு தூண்டில் கோல்கள் இருந்தன. இன்று, பயணத்துக்கான குட்டைக் கோல்களைச் சேர்க்காமல், பதினொன்று இருக்கின்றன. அவற்றை எப்படி நிறுத்திவைப்பது என்பதற்கு மூன்று ஏற்பாடுகளைச் செய்து பார்த்துவிட்டேன். மூன்றாவது ஏற்பாடு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்துவிட்டதால், அதில் எது நிலைத்தது, எது கெட்டது என்பதை நிதானமாக எழுத முடிகிறது.

இடம், நாம் எல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்லும் புகலறைதான். 1998 முதல் கட்டப்படும் புதிய வீடுகளில் இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்லும் இந்தச் சிறிய கான்கிரீட் அறை, குண்டுவீச்சு நேரத்தில் ஒதுங்குவதற்கானது; கனத்த இரும்புக் கதவோடு, ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய ஒரு பெட்டகம் போலவே இருக்கிறது. நீளமான, விலை கூடிய, எளிதில் கீறல் விழும் பொருள்களுக்கு இதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. ஆனால் அரிசி மூட்டை, பயணப் பெட்டிகள், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் பாத்திரங்கள் எல்லாம் அதே அறையில்தான் இருக்கின்றன. சுவரில் துளையிடுவதற்குக் கட்டுப்பாடுகளும் உள்ளன.

முதல் இரண்டு ஆண்டுகள் கோல்களை மூலையில் சாய்த்தே வைத்திருந்தேன். அது ஏற்பாடே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நரம்பு சுற்றும் ரீல் பொருத்திய கோல் சாய்ந்து நிற்கும்போது அதன் எடையில் ஒரு பங்கு, சுவரைத் தொடும் மெல்லிய நுனியை அழுத்தி வளைக்கிறது. ஒன்றை எடுக்கும்போது அதில் நரம்பு ஓடும் வளையம் அடுத்த கோலின் நரம்பில் மாட்டி, மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. "அரிசி எடுக்கப் போனா மூங்கில் காடே சரிஞ்சு மேல விழுதுங்க" என்று என் மனைவி சொன்னதில் மிகை எதுவும் இல்லை. அப்பா விட்டுச்சென்ற பழைய கண்ணாடி இழைக் கோல் ஒன்று, ரீலோடு ஓராண்டுக்கு மேல் அப்படிச் சாய்ந்தே நின்றதில், நுனியிலிருந்து ஒரு முழத்துக்கு இடப்பக்கமாக வளைந்துவிட்டது. அந்த வளைவு இன்றுவரை நிமிரவில்லை.

2019-இல் சுவரில் ஒட்டும் கவ்விகளுக்கு மாறினேன். துளையிட வேண்டியதில்லை என்பதே அவற்றின் கவர்ச்சி. ஏழு மாதங்கள் நன்றாக இருந்தன. எட்டாவது மாதத்தில் ஓர் இரவு மூன்று மணிக்கு அறைக்குள் பெருஞ்சத்தம் கேட்டது. பசை விடவில்லை, பசையோடு சேர்ந்து சுவரின் பெயிண்ட் உரிந்து வந்திருந்தது. இரண்டு கோல்கள் விழுந்திருந்தன. ஒன்றின் நுனி முறிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. மற்றொன்று பார்க்க முழுசாகத்தான் இருந்தது; ஆனால் அடுத்த இரண்டு மாதங்களில் பிடோக் படகுத்துறையில் மூன்று முறை, பெரிய மீன் எதுவும் இல்லாமலே அதன் நரம்பு அறுந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். நுனியிலிருந்து நான்காவது வளையத்தில் பஞ்சின் ஒரே ஓர் இழை பிடித்துக்கொண்டு நின்றது. வளையத்தின் உட்பக்கப் பீங்கானில், விளக்கில் சாய்த்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் மயிரிழை விரிசல். கோல் விழுந்தால் முறிந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது என்று அன்றுமுதல் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். கார்பன் கோலாக இருந்தால், விழுந்தபோது பட்ட சிறு அடி பல மாதம் கழித்து, பாரம் ஏறும் நேரத்தில்தான் முறிவாக வெளிவரும்.

மூன்றாவது ஏற்பாட்டுக்கான யோசனை இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவையில் நாங்கள் ஆர்ம்ஸ்கோட் என்று அழைத்த ஆயுத அறை. அங்கே துப்பாக்கிகள் சாய்ந்து கிடக்காமல் வரிசையாக நிமிர்ந்து நின்றது மனத்தில் பதிந்திருந்தது. மற்றொன்று, ஹியூஸ்டனில் இருக்கும் என் மைத்துனர் வீடியோ அழைப்பில் காட்டிய அவருடைய துப்பாக்கிப் பெட்டகம். நம் ஊரில் வீட்டில் துப்பாக்கி என்பது நினைத்துப் பார்க்க முடியாதது. அவர் ஊரில் வேட்டைத் துப்பாக்கிகளைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டகம் பல வீடுகளில் இருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் குச்சி ஒன்றைக் குழலின் வாய்க்குள் செருகுகிறார்; அதன் தலையில் உள்ள வெல்க்ரோ, மேல் தட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிய துணியைப் பற்றிக்கொள்கிறது. அடிக்கட்டை தரையில் நிற்க, குழல் மேலே பிடிபட, துப்பாக்கி செங்குத்தாக நிற்கிறது. குறிநோக்கிகள் இடித்துக்கொள்ளாதபடி ஒன்றை முன்னும் அடுத்ததைச் சற்றுப் பின்னுமாக நிறுத்துகிறார். "இருபத்து நாலுன்னு எழுதியிருக்கும் மச்சான், குறிநோக்கி மாட்டிட்டா பதினாலுக்கு மேல போகாது" என்றார் அவர். வெறும் துப்பாக்கிகளை எண்ணித்தான் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

கோலுக்குள் குச்சியைச் செருக முடியாது. ஆனாலும் அடி எடையைத் தாங்கவேண்டும், மேலே இருப்பது விழாமல் தடுத்தால் மட்டும் போதும் என்ற முறை அப்படியே பொருந்தியது. 2020-இல் வீட்டுக்குள்ளேயே இருந்த சர்க்கியூட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்க வாரங்களில், சமையலறை அலமாரி வேலையில் மிஞ்சிய 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையைக் கொண்டு இதைச் செய்தேன். கீழே ஒரு பலகையில் 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டுகளை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு கோலின் அடி இறங்கும்படி வைத்தேன். மேலே, தரையிலிருந்து 105 சென்டிமீட்டர் உயரத்தில், சீப்புப் பல்லைப் போல வெட்டுகள் கொண்ட இன்னொரு பலகை, ஏற்கெனவே அங்கே நின்ற போல்ட்லெஸ் ரேக்கின் (திருகாணி இல்லாமல் பொருத்தும் இரும்பு அலமாரி) தூண்களில் கட்டப்பட்டிருக்கிறது. சுவரில் ஓர் ஆணிகூட இல்லை.

உயரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியம். மேல் பிடிப்பு கோலின் எடை மையத்துக்கு மேலே இருந்தாகவேண்டும். என் அனுபவத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரம் சரியாக அமைகிறது. கழற்றிய கோலின் ரீல் மாட்டிய அடிப் பாதிக்கு எடை பெரும்பாலும் கீழே இருப்பதால் பிடிப்பு கொஞ்சம் தாழ்ந்தாலும் நிற்கும். தனியாக நிறுத்தும் நுனிப் பாதி அப்படி நிற்காது, உடனே ஆடும். அதனால் ஒன்பது அடிக் கோலை இரண்டாகக் கழற்றி, நுனிப் பாதியை அடிப் பாதியோடு வெல்க்ரோ பட்டையால் இரண்டு இடத்தில் கட்டி, ஒரே குழாயில் இறக்குகிறேன். பயணத்துக்கு என்று வாங்கிய, நான்காகக் கழலும் குட்டைக் கோல்கள் இந்த உயரத்தை எட்டா. அவற்றை உறைக்குழாயிலேயே விட்டு ரேக்கின் மேல்தட்டில் படுக்கவைத்துவிட்டேன்.

நான் போட்ட கணக்கும் மைத்துனர் சொன்னது போலவே பிழைத்தது. ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு என்று பதினாறு கோல்களுக்குத் திட்டமிட்டேன். ரீல்களை மாட்டியதும் கைப்பிடிகள் ஒன்றோடொன்று மோதின. இடைவெளியை ஒன்பதாக்கி, ஒரு ரீல் முன்பக்கமும் அடுத்தது பின்பக்கமும் பார்க்கும்படி மாற்றி வைத்த பிறகு பதினொன்று அடங்கின.

ஐந்து ஆண்டில் கெட்டவற்றுள் முதன்மையானது ஸ்பாஞ்ச். மேல் வெட்டுகளில் கோல் உரசாமல் இருக்க, கடையில் கிடைத்த பாலியூரிதேன் ஸ்பாஞ்சை ஒட்டியிருந்தேன். 2022-இல் ஒரு கோலை எடுத்தபோது கையெல்லாம் மஞ்சளாகப் பிசுபிசுத்தது. ஸ்பாஞ்ச் பொடிந்து, கோலின் மேற்பூச்சில் அட்டைப்பூச்சியைப் போல ஒட்டியிருந்தது. அலமாரியில் பல நாள் வைத்த காலணியின் அடிப்பகுதி திடீரென்று உதிர்ந்துபோவதை இங்கே பார்க்காதவர் இருக்கமாட்டார்கள். இதுவும் அதே கோளாறுதான். காற்றின் ஈரம் அந்த வகைப் பொருளின் பிணைப்பையே சிதைத்துவிடுகிறது. சுரண்டாமல், சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தெடுக்க இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. மகன் சிறுவயதில் தவழ்ந்த ஈவிஏ நுரை விரிப்பை வெட்டி அந்த இடத்தில் ஒட்டினேன். அது இன்றும் பொடியவில்லை, கோலில் பிசுபிசுத்து ஒட்டவும் இல்லை. அடிக்கடி எடுக்கும் கோல்களின் வெட்டில் மட்டும் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. குழாய்களின் அடியை மூடிவைத்திருந்தேன். கடலில் பயன்படுத்திய கோலைக் கழுவித் துடைத்துத்தான் வைப்பேன் என்றாலும், கைப்பிடிக்குள் தங்கிய நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி அடியில் தேங்கியது. ஆறு மாதத்தில் தக்கைப் பிடியில் கரும்பூசணமும் உலோக மூடியில் பச்சைப் படலமும் படிந்துவிட்டன. இப்போது ஒவ்வொரு குழாயின் அடியிலும் துளை இருக்கிறது. பலகையும் நான்கு ரப்பர் கால்களில் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. துணி உறைகளையும் விட்டுவிட்டேன். பார்க்க அழகாக இருந்தாலும் அவை ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன.

ஈரத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விடியலுக்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60-ஐ ஒட்டி இறங்குகிறது. ஜன்னலில்லாத புகலறையில் அந்தப் பிற்பகல் வருவதே இல்லை. ஈரம் உறிஞ்சும் பிளாஸ்டிக் டப்பாக்களை முதலில் பயன்படுத்தினேன். ஒன்று கவிழ்ந்து அதிலிருந்த உப்புநீர் தரையில் பரவியபோது, ரேக்கின் கால் இரண்டே வாரத்தில் துருவேறியது. அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. இரும்புக்கு அது கடல்நீரைவிட நல்லதல்ல. இப்போது கதவை ஒரு சாண் திறந்துவிட்டு, வாசலில் சிறிய ஈரநீக்கி ஒன்றை இரவில் ஓடவிடுகிறேன். அறைக்குள் மாட்டிய மானி பெரும்பாலும் 60-க்கும் 65-க்கும் இடையே நிற்கிறது. காற்றுத் துவாரங்களை மறைத்து எதையும் வைப்பதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. முப்பது சென்டிமீட்டர் ஆழத்தை இது விழுங்கிவிடுவதால் ரேக்கின் கீழ்த்தட்டை எட்ட உடலை வளைக்கவேண்டியிருக்கிறது; அரிசியை இடுப்புயரத் தட்டுக்கு மாற்றிய பிறகே வீட்டில் சமாதானம் வந்தது. அவசர நேரத்தில் அறையைக் காலி செய்யவேண்டுமே என்ற கவலையும் இருந்தது. மகனும் நானும் நேரம் வைத்துப் பார்த்தோம்: கோல்களை இரண்டு கட்டாக அள்ளி, சீப்பை அவிழ்த்து, அடிப்பலகையை வெளியே வைக்க நான்கு நிமிடங்கள் ஆயின.

குழாய்களுக்கு எண் போட்டிருக்கிறேன். கதவுக்கு அருகில் உள்ள ஒன்றும் இரண்டும் வாரந்தோறும் வெளியே போகின்றவை. பதினொன்றாம் குழாயில், ரீல் இல்லாமல், அப்பாவின் கோல் நிற்கிறது. அதற்கு மட்டும் மேல் வெட்டைச் சற்று வலப்பக்கம் தள்ளி வெட்டியிருக்கிறேன். இடப்பக்கம் வளைந்த நுனி அப்போதுதான் பக்கத்துக் கோலின் வளையங்களில் மாட்டாமல் சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறது.