ரொட்டிஃபர் போத்தல் வாங்கப் போகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்: "உங்க ஊர்க் குளிர்" என்று சொல்லி என்னை ஏமாற்றிய கதை

ஃபேஸ்புக்கில் "உயிருள்ள ரொட்டிஃபர் கல்ச்சர், நாடு முழுக்க அனுப்புவோம்" (கடல் மீன் குஞ்சுக்கு இரையாகப் போடும் நுண்ணிய உயிர், வளர்த்துப் பெருக்கும் தண்ணீரோடு) என்று விளம்பரம் பார்த்துக் காசு போட நினைத்திருந்தால், ஒரு பத்து நிமிஷம் பொறுத்து இதை வாசித்துவிட்டுப் போடுங்கள். அந்தப் பக்கத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதியும் பயனில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் இருப்பது இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில். வீட்டில் மூன்றடித் தொட்டி ஒன்றில் கடல் மீன் வைத்திருக்கிறேன். நாலாயிரம் அடி உயரத்தில், தேயிலைக்கு நடுவில் கடல் தண்ணீரா என்று கேட்காத ஆள் இந்த ரோட்டில் இல்லை. உப்பு மிக்ஸ் வாங்கிக் கரைத்துத்தான் வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஜோடி கிளவுன் மீன், பிள்ளைகள் நீமோ என்று சொல்வது. இரண்டு வருஷம் கழித்துப் போன நவம்பரில் முதல் தடவையாக உடைந்த பூச்சட்டித் துண்டில் முட்டை வைத்தன. செம்மஞ்சள் நிறத்தில், அரிசிக் குறுணையைச் செங்குத்தாக நட்டு வைத்த மாதிரி. ஆண் மீன் இரவு பகல் பாராமல் செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது.

இந்த முட்டை ஏழிலிருந்து பத்து நாளைக்குள், அதுவும் விளக்கை அணைத்த பிறகு இரவில்தான் பொரிக்கும். குஞ்சுகளின் வாய் அவ்வளவு சிறியது, ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகூட முதலில் உள்ளே போகாது. முதல் வாரத்துக்கு ரொட்டிஃபர் வேண்டும், வேறு வழியில்லை. மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுள்ள ஒரு நீர்வாழ் உயிர். கடல் மீன் குஞ்சுக்குப் போடும் வகையைப் பிராக்கியோனஸ் என்பார்கள். அம்மாவிடம் சொன்னபோது "ரொட்டியா போடப் போற மீனுக்கு?" என்று கேட்டார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு தெரியும்.

ஆக எனக்கு இருந்தது ஒரு வாரம். அவசரத்தில் தேடுகிறவன் கண்ணுக்கு எல்லாப் பக்கமும் நல்ல பக்கமாகத்தான் தெரியும். ஒரு லீட்டர் ரொட்டிஃபர் 3,500 ரூபாய், அதற்குச் சாப்பாடாகக் கால் லீட்டர் பாசிக் கரைசல் 2,800 ரூபாய். காசைப் போட்டேன், புறக்கோட்டையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டதாக மெசேஜ் வந்தது. கினிகத்தேனை வளைவெல்லாம் சுற்றிக்கொண்டு வந்த பார்சலைக் கண்டக்டர் கையில் கொடுத்தபோது போத்தல் வெதுவெதுப்பாக இருந்தது, என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பச்சைத் தண்ணீர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஏதோ தூசி மாதிரி அசைந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளை வாளி ஒன்றில் உப்புத் தண்ணீர் கலந்து, மெதுவாகக் காற்று விட்டு, போத்தலை ஊற்றினேன். பாசிக் கரைசலை விற்றவர் சொன்ன அளவுக்கு விட்டேன். தண்ணீர் அழகான பச்சை. அடுத்த நாள் பார்த்தேன், அதே பச்சை. அதற்கடுத்த நாளும் அதே பச்சை.

ரொட்டிஃபர் உயிரோடு இருந்தால் பச்சை குறைய வேண்டும். நல்ல அடர்த்தி இருந்தால் காலையில் விட்ட பாசியை மாலைக்குள் தின்று தண்ணீரை வெளுக்க வைத்துவிடும். அந்தப் பச்சை மறைவதைப் பார்த்துத்தான் அடுத்த வேளை சாப்பாட்டையே போடுவார்கள். இது எனக்கு அப்போதும் தெரியும், வாசித்திருந்தேன். அதனால்தான் அவரிடம் கேட்டேன், "தம்பி, தண்ணி வெளுக்கவே இல்லையே?" என்று.

பதில் உடனே வந்தது. "அண்ணே உங்க ஊர்க் குளிருக்கு அதுகள் சாப்பிடாது. ஹீட்டர் ஒன்னு போடுங்க, எங்ககிட்டயே இருக்கு."

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. எங்கள் வீட்டுக் குசினியில் இரவில் பதினாறு பாகைக்கும் கீழே போகும். அந்தக் குளிரில் ரொட்டிஃபர் மந்தமாகிவிடும், முட்டை போடுவது குறையும், அதெல்லாம் உண்மை. இருபத்தைந்து பாகையில் என்றால் கதையே வேறு: ஒன்றரை நாளுக்குள் குஞ்சு தாயாகிவிடும், அப்புறம் ஏறக்குறைய நாலு மணித்தியாலத்துக்கு ஒரு முட்டை, மொத்த ஆயுளே நாலு நாள் போலத்தான். ஆனால் குளிரில் மந்தமாவது ஒன்று, இரண்டு நாளில் கூண்டோடு சாவது வேறொன்று. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு போத்தல் ரொட்டிஃபரைக் காப்பாக எடுத்து வைக்கிற பழக்கமே வளர்ப்பவர்களிடம் உண்டு, சில நாள் தாங்கும். நாலு பாகையில் தாங்குவது என் குசினியில் தாங்காதா? அன்றைக்கு இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. மலைநாட்டில் இருப்பவனிடம் குளிரைக் காரணம் சொன்னால் அவன் மறுபேச்சுப் பேசமாட்டான் என்று அந்தத் தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. சீமெந்து இறுகவில்லை, பெயின்ட் காயவில்லை, மா புளிக்கவில்லை என்று எல்லாவற்றுக்கும் நாங்களே சொல்கிற காரணம்தானே.

ஹீட்டர் 4,200 ரூபாய். அதோடு இன்னொரு லீட்டர் கல்ச்சர் "உங்களுக்காக" 2,000 ரூபாய்க்கு. அதுவும் பஸ்ஸில் வந்தது. ஹீட்டர் நல்ல சாமான், இன்றைக்கும் ஓடுகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

தண்ணீர் இருபத்தைந்துக்கு வந்தும் பச்சை குறையவில்லை. அப்போது அடுத்த யோசனை சொன்னார், பேக்கரியில் பாணுக்குப் போடும் ஈஸ்ட்டைக் கொஞ்சம் கரைத்து விடச் சொல்லி. அம்மாவின் ரொட்டிக் கதை இங்கேதான் பலித்தது. ஈஸ்ட் போடுவது பழைய முறைதான், தவறில்லை, பத்து லட்சம் ரொட்டிஃபருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம் என்று கணக்கே இருக்கிறது. ஆனால் தின்ன ஆள் இருக்க வேண்டும். தின்னாமல் மிஞ்சும் ஈஸ்ட் அடியில் படிந்து அழுகும், பற்றீரியா பெருகும், அமோனியா ஏறும். இரண்டாம் நாள் வாளியைத் திறந்தால் புளித்த கள்ளு வாடை. மேலே நுரை.

அன்று இரவுதான் முட்டை பொரித்தது.

டோர்ச் வெளிச்சத்துக்குக் குஞ்சுகள் கூட்டமாக வந்தன, இருநூறுக்குக் குறையாது. வாளித் தண்ணீரை மெல்லிய வலையில் வடித்து விட்டேன். கிளவுன் குஞ்சு இரை பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பைப் பாம்பு மாதிரி வளைத்து ஒரு கணம் நிற்கும், அப்புறம் சட்டென்று நிமிர்ந்து கொத்தும். முதல் நாள் முழுக்க அப்படி வளைந்து வளைந்து கொத்திக்கொண்டே இருந்தன. வயிறு மட்டும் நிறையவில்லை, கண்ணாடி மாதிரி வெறுமையாகவே இருந்தது. இரண்டாம் நாள் வளைவது குறைந்தது. மூன்றாம் நாள் காலையில் முக்கால்வாசி அடியில். நாலாம் நாள் நான் லைட்டே போடவில்லை.

எங்கள் லைனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கும் சேர் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை அவரிடம் ஒரு சின்னப் போத்தலில் வாளித் தண்ணீரைக் கொண்டுபோனேன். நுணுக்குக்காட்டியில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்ன சாமான் எது?" என்று கேட்டார். ரொட்டிஃபர் என்றால் பூச்சாடி வடிவம், தலையில் சக்கரம் சுழல்வது போல மயிர்கள், பின்னால் ஒரு வால் போன்ற கால், பெண் என்றால் அடியில் முட்டை தொங்கும். அதில் ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் முட்டை வடிவப் பிசிர்மயிர் உயிர்கள், கண்ணாடியில் கரப்பான் ஓடுவது போல ஓடித் திரிந்தன. நன்றாக இருக்கிற ரொட்டிஃபர் வாளியையே பாழாக்குகிற களை அது. இரண்டாவது போத்தலைத் திறக்காமலே வைத்திருந்தேன், அதிலும் அதேதான். என் வாளியில் வந்து சேர்ந்தது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

சரி, பாசிக் கரைசலாவது உண்மையா? சேரின் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவள்தான் வெள்ளை டிஷ்யூ ஒன்றில் ஒரு துளி விட்டு, பக்கத்தில் தண்ணீர்த் துளி விட்டுப் பார்த்தாள். பச்சை மெதுவாகப் பரவி, நீலம் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் எனப் பிரிந்தது. கேக்குக்குப் போடும் கலர். உண்மையான பாசி என்றால் அது உயிரணுக்கள், நாள்கணக்கில் அசையாமல் வைத்தால் அடியில் படியும், குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். என் போத்தல் இரண்டு வாரம் குளிரில் இருந்தும் மேலும் கீழும் ஒரே பச்சை. வாளி ஏன் வெளுக்கவில்லை என்று அப்போது விளங்கியது. கலரை யார் தின்பது?

மொத்தம் 12,500 ரூபாய், பஸ் கூலி தனி. ஹீட்டரைக் கழித்தால் 8,300 ரூபாய்க்கு அழுக்குத் தண்ணீரும் கேக் கலரும்.

நுணுக்குக்காட்டிப் படத்தையும் டிஷ்யூ படத்தையும் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. "அண்ணே குளிர்ல ரொட்டிஃபர் செத்து மத்தது வந்திருக்கும்" என்று ஒரு வரி. திறக்காத போத்தலைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பிறகு என்னை பிளாக் பண்ணிவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது, பில் கையில் இருந்தால் அழையுங்கள். என்னிடம் இருந்தது யாரோ ஒருவரின் பெயருக்குக் காசு போட்ட சிலிப் மட்டும்.

இப்போது என்னிடம் ஓடுவது கரையோரத்தில் மீன் குஞ்சு பொரிக்க வைக்கும் ஒருவர் தந்த அரை லீட்டர். போத்தலில் டேப் ஒட்டி உப்பு எவ்வளவு என்று பேனாவால் எழுதியிருந்தார். அந்த டேப்பைப் பார்த்தவுடனேயே இது வேறு ஆள் என்று தெரிந்தது, ஏனென்றால் உப்பளவு சட்டென்று ஆயிரத்துக்கு ஐந்துக்கு மேல் மாறினாலே ரொட்டிஃபர் நீந்துவதை நிறுத்திவிடும், செத்தும் போகும். முந்தைய ஆளிடம் உப்பளவு கேட்டபோது "நார்மல் கடல் தண்ணி" என்றார், அப்போதே நான் முழித்திருக்க வேண்டும். புதிய போத்தலை ஊற்றும் முன் கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் எடுத்து, கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்து, பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். காற்று இல்லாமல், தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு பார்க்க வேண்டும், நான் முதலில் விட்ட பிழை அதுதான். வெள்ளைப் புள்ளிகள் தாங்களாகவே மெதுவாக உருண்டு போயின. அதையும் நம்பாமல் சேரிடம் கொண்டுபோனேன், அது வேறு கதை, அவர் வீட்டில் இப்போது என்னைக் கண்டாலே தேத்தண்ணீரோடு நுணுக்குக்காட்டியையும் எடுத்து வைக்கிறார்கள்.

வாளியை ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன், அதனால் ஹீட்டர் ஓயாமல் எரிய வேண்டியதில்லை. காற்றுக் குழாயின் நுனியில் பொடிக் குமிழி விடும் கல் போடுவதில்லை, வெறும் குழாய், பெரிய குமிழி. காலையும் மாலையும் கொஞ்சம் பாசி, இளம் பச்சையாகும் அளவுக்கு மட்டும். தினமும் கால் வாசித் தண்ணீரை மெல்லிய வலையில் வடித்து எடுத்துவிட்டு, அதே உப்பளவில் புதுத் தண்ணீர் விடுகிறேன். மீன் குஞ்சு இல்லாத நாளிலும் எடுத்தே ஆக வேண்டும், பாவம் பார்த்து விட்டுவைத்தால் கூட்டம் அளவுக்கு மீறி ஒரே இரவில் வாளியில் இருப்பதெல்லாம் செத்துவிடும். இரண்டாவது வாளி ஒன்று எப்போதும் தனியாக, தனி வலை, தனிக் குழாயோடு. ஈஸ்ட்டை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன், ஈஸ்ட் மட்டும் தின்ற ரொட்டிஃபரில் மீன் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்புச் சத்து இருப்பதில்லை.

காலையில் போட்ட பச்சை மாலையில் மறைந்திருப்பதைப் பார்க்கும்போது இப்போதும் ஒரு சந்தோஷம்.

அந்தப் பக்கத்தின் பெயரை ஏன் எழுதவில்லை என்றால், போன வாரம் தேடினேன், அது இல்லை. புதுப் பெயரில் இன்னொரு பக்கம், ஒரு லீட்டர் 3,900 ரூபாய். போத்தல் புதிது, ஸ்டிக்கர் புதிது. படத்தில் பின்னால் தெரிகிற நீல டைல்ஸும், மூன்றாவது டைல்ஸில் இருக்கிற வெடிப்பும் எனக்கு வந்த படத்தில் இருந்த அதேதான். கீழே "குளிர் பிரதேசங்களுக்கு விசேட கல்ச்சர்" என்று எழுதியிருந்தது.