‘யூ.எஸ்.பி. எரிந்துவிட்டது’ என்று சொல்லிப் பலகையை மாற்றச் சொல்வார்கள்: வன்னியில் சிறுகணினி வாங்குவோர் கவனத்திற்கு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடையொன்றில் எங்கள் சனசமூக நிலையத்துக்கு ராஸ்ப்பெரி பை 4 என்ற, ஒரே சுற்றுப்பலகையில் அடங்கிய சிறுகணினி ஒன்றை வாங்கினோம். அதனுடன் ‘அசல்’ என்று சொல்லித் தரமற்ற சார்ஜர் ஒன்றைத் தந்த அந்தக் கடை, அதனால் வந்த கோளாறுக்கே பரிசோதனைக் கட்டணமும் அறவிட்டு, புதிய பலகை ஒன்றையும் எங்கள் தலையில் கட்டப் பார்த்தது.

சாதாரண தரப் பிள்ளைகளுக்கான கடந்தகால வினாத்தாள்களும் பாடக் காணொளிகளும் ஒரு வெளி வன்தட்டில் இருந்தன. விசைப்பலகையும் மவுசும் ஒழுங்காக வேலை செய்தன; வன்தட்டைச் செருகினால் மட்டும் அதன் விளக்கு மினுங்கும், உள்ளே டிக் டிக்கென்று சத்தம் கேட்கும், கோப்புறை தோன்றி மறையும், திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று வரும். அந்தக் குறியைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்டபோது, “அது ஒண்டுமில்லை அண்ணை, யூ.எஸ்.பி. ஐ.சி. எரிஞ்சு போச்சு, போர்டை மாத்தினால் சரி” என்றார். பழைய பலகையைச் சொற்ப விலைக்குத் தாமே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். எரிந்துபோன பலகைக்கு ஒருவர் எதற்காகக் காசு கொடுக்க வேண்டும்?

பலகைக்கு வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் அந்த மின்னல் குறி தோன்றும். பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் தரும் மின்வழங்கி (சார்ஜர்) வேண்டும். அதன் நான்கு யூ.எஸ்.பி. துளைகளும் சேர்ந்து வெளியே தரக்கூடியது 1.2 அம்பியர் மட்டுமே, அதில் பெரும்பங்கைச் சுழலும் வன்தட்டு ஒன்றே இழுத்துவிடும். பலகையின் 4ஆம், 6ஆம் ஊசிகளில், மின்னழுத்தம் அளக்கும் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். 5 வோல்ட்டை ஒட்டி நின்ற எண், வன்தட்டைச் செருகியதும் 4.5க்குச் சரிந்தது. ஆனால் கடை தந்த சார்ஜரின் மேலே 3 அம்பியர் என்று பளிச்சென்று அச்சிட்டிருந்தது. கணினியின் உள்பதிவுகளைக் காட்டும் ‘டிஎம்எஸ்ஜி’ கட்டளையிலோ வன்தட்டின் பெயர் வருவதும், தொடர்புப் பிழையைக் குறிக்கும் எண் -71 விழுவதும், இணைப்பு அறுந்ததாக வரி வருவதுமாக இருந்தது. எரிந்த சில்லு (ஐ.சி.) சாதனத்தின் பெயரை வாசித்துச் சொல்லாது. வவுனியாவிலிருந்து இரவல் வாங்கிய தரமான மின்வழங்கியைப் போட்டதும் அதே பலகையில் அதே வன்தட்டு பிசகின்றி இயங்கியது, இன்றும் இயங்குகிறது.

ஆகவே, காசு கொடுக்குமுன் கடை மேசையிலேயே, நீங்கள் பாவிக்கப்போகும் சாதனத்தைச் செருகி, இணைந்துள்ள யூ.எஸ்.பி. சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செருகியும் எந்த வரியுமே வராவிட்டால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள். தரவுக் கம்பிகள் இல்லாத, சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் வயர்கள் சந்தையில் நிறைய உண்டு. வன்தட்டு அடையாளம் காணப்பட்டும் இடையிடையே உறைந்து நின்றால், அதன் இணைப்பியிலுள்ள சில்லுக்கும், யூ.எஸ்.பி. வன்தட்டுடன் வேகமாகத் தரவு பரிமாற உதவும் யூ.ஏ.எஸ். என்ற இயக்கி மென்பொருளுக்கும் ஒத்துவராமல் இருக்கலாம். அந்தச் சாதனத்துக்கு மட்டும் அவ்வியக்கியை நிறுத்த, இந்தக் கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் வழியிருக்கிறது. தனி மின்சாரம் உள்ள யூ.எஸ்.பி. ஹப் ஒன்றை இடையில் போட்டுப் பார்த்தால் கோளாறு மின்சாரத்திலா என்பதும் தெரிந்துவிடும். இவற்றில் எதற்கும் புதிய பலகை தேவையில்லை.

சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, திறந்த பொருளை எடுப்பதில்லை என்றார்கள். முன்பு பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, விலையை எழுதிய துண்டுத்தாள் ஒன்றுதான் கிடைத்திருந்தது. வாடிக்கையாளர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. எங்கள் முறைப்பாட்டை எழுத்தில் அனுப்பியிருக்கிறோம், சார்ஜரையும் துண்டுத்தாளையும் வைத்திருக்கிறோம்.