34 அங்குல அல்ட்ராவைட் மானிட்டர்: ஐபிஎஸ் பேனலா, விஏ பேனலா?

ஐபிஎஸ், விஏ இரண்டும் எல்சிடி திரையின் இரு வகைகள். கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ராத்திரி அறை விளக்கை அணைத்தால்தான் குட்டு வெளிப்படும். ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்குமான வெளிச்ச விகிதம்) பொதுவாக 1000:1 அளவு. கறுப்பு சாம்பல் பூத்துத் தெரியும், மூலைகளில் மங்கலாய் ஓர் ஒளி வேறு. விஏ சாதாரணமாக 3000:1 தொடும். இருட்டில் படம் பார்ப்பவருக்கு விஏதான்.

ஆனால் 21:9 என்ற அகல-உயர விகிதத்தில் விஏவுக்கு ஒரு சங்கடம். நேர் நடுவில் உட்கார்ந்தாலும் இரு ஓரங்களையும் சாய்வாகத்தான் பார்க்கிறோம். அங்கே நிறம் வெளுக்கும். திரையை வளைத்திருந்தால் கொஞ்சம் மட்டுப்படும். பெட்டியில் போட்டிருக்கும் ‘178 டிகிரி’ பார்வைக் கோணத்தை நம்பிவிடாதீர்கள்: கான்ட்ராஸ்ட் 10:1க்கு இறங்கும்வரை அந்தக் கணக்கில் சேர்த்தி! ஐபிஎஸ்ஸில் இந்த நிறமாற்றம் மிகக் குறைவு. போட்டோ திருத்துபவர்கள் யோசிக்காமல் ஐபிஎஸ்ஸையே எடுக்கலாம்.

கேம் ஆடுபவர்களுக்கு: மலிவு விஏவில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறுவது மந்தம். இருண்ட காட்சி நகரும்போது பின்னால் கரி இழுவினாற்போல் தெரியும், பெட்டியில் ‘1 மில்லிசெகண்ட்’ என்றிருந்தாலும்.

நாள் முழுக்க எக்செல், கோடிங் என்றால் என் ஓட்டு ஐபிஎஸ்ஸுக்கு. எதை எடுத்தாலும் இந்த அளவில் 2560×1080 வேண்டாம். அங்குலத்துக்கு 82 பிக்சல்தான், எழுத்து பிசிறடிக்கும். 3440×1440 என்றால் 110 கிடைக்கும்.